சனிக்கிழமைப் பங்கு

இன்று காலை எழுந்ததும் தேநீருக்குத் தண்ணீர் வைக்கவில்லை. அரிசி வாளியைத்தான் முதலில் திறந்தேன். உன் பழைய தகரப் பேணி வாளியின் அடியில் உரசியது. அரிசி முடியப்போகிற சத்தம் அது.

நீ இருந்தபோது அதற்கு நான் பயந்ததில்லை. சனிக்கிழமை வரும், இருவரும் போவோம் என்றிருந்தது. லண்டன் ஸ்ட்ரெதத்தில் பஸ் ஏறி, சந்தை பூட்டும் நேரம் பார்த்துப் போய், மூட்டை அரிசி, ஒரு பெட்டி மீன், ஒரு பெட்டி மரக்கறி என்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்குவோம். தனித்தனியாக வாங்கினால் கட்டாது. பஸ்ஸில் மூட்டைக்கு ஒரு இருக்கை பிடித்துவிட்டு நீ நின்றுகொண்டே வருவாய். பிறகு என் குசினித் தரையில், அடுப்புக்கு முன்னால் பேப்பர் விரித்து, அரிசியை இந்தப் பேணியால் அளந்து, பங்கு பிரிப்போம்.

“பிரிக்கிறது நீ, முதல் எடுக்கிறது நான். அப்பதான் உன்ரை கண் நேராப் பாக்கும்” என்று எதிரே உட்கார்வாய்.

கடைசியில் ஒற்றைக் கத்தரிக்காய் மிஞ்சும்.

“இதையும் வெட்டோணுமோ?” என்று கேட்பேன்.

“வெட்டு. சிநேகிதம் வேறை, கத்தரிக்காய் வேறை.”

மாரிக் குளிரில் நீ கண்மூடிய பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. உன் வீட்டுக்காரர் தன் பாதிக் காசைத் தந்துவிடுவார். சனிக்கிழமையும் அவருக்கு வேலை. பங்கை உன் மகள் வந்து எடுத்துப் போவாள். பதினான்கு வயதில் அவள்தான் அங்கே சமைக்கிறாள்.

இந்த வருடம் லண்டனில் எங்கும் ஆட்குறைப்புப் பேச்சு. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்திலும் தொடங்கிவிட்டது.

“இனிக் கிழமைக்கு ரெண்டு ஷிப்ட்தான்” என்றார்.

“பிறகு?”

“பிறகு பாப்பம்.”

அந்தப் “பாப்பம்” என்னோடு படுத்து என்னோடு எழும்புகிறது. வீட்டில் நாங்கள் ஐந்து பேர்.

போன சனிக்கிழமையும் பிரித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பெரிய மீன்களெல்லாம் என் பக்கம் கிடந்தன. என் கைதான் வைத்தது. எனக்கே தெரியாமல் வைத்தது. எதிரே இருந்து எடுக்க நீ இல்லை. மாற்றி வைக்கப் போவதற்குள் உன் மகள் வந்துவிட்டாள். சின்னப் பங்கைத் தூக்கிப் பார்த்தாள்.

“இவ்வளவும் எங்களுக்கோ அன்ரி? உங்களுக்குக் காணுமோ, குறையாதோ?”

“ஓம் பிள்ளை, காணும்” என்றேன்.

ஷிப்ட் குறைந்ததைவிட அந்தக் கைதான் கிழமை முழுதும் என்னைப் பயமுறுத்துகிறது. காசு இன்னும் இறுகினால் அந்தக் கை என்னவெல்லாம் செய்யும்? நீ ஏன் எப்போதும் எதிரே உட்கார்ந்தாய் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பயம் போகவில்லை. உன் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை உன் மகளைச் சந்தைக்குக் கூட்டிப் போவேன். வந்து நான் பிரிப்பேன்; அவள் முதலில் எடுப்பாள். பெரிய மீனை அவள் எடுத்தால் எங்கள் வீட்டுக் குழம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடவேண்டும். இதை இவரிடம் சொல்லவில்லை. அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.