ஒரு சொட்டும் சிந்தாத ரத்தம்

மாசி மகத்துக்காக இன்று காலை உன் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். அந்த வாசனை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. செங் ஊர் ஃபேக்டரியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "அக்கா, இந்த வருசம் எனக்கு நாக்குல வேல், வந்து பாரு லா" என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. உன்மேல் உள்ள கோபமும் கூடவே வந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நியாலாஸ் எஸ்டேட்டிலிருந்து பாயா ரும்புட்டுக்கு வாழ வந்தவள் நீ. வயிற்றில் தங்கியது ஒவ்வொன்றாகக் கலைந்தபோது, உன் மாமியார் உடம்புச் சூடு என்றார். பிறகுதான் ஒரு டாக்டர் ரத்தத்தை விவரமாகச் சோதிக்கச் சொன்னார். முடிவு வாங்க நானும் கூட வந்தேன். சோதனைக் குழாயில் உன் ரத்தம் உறைய அதிக நேரமாகிறது என்றார்.

"அப்படின்னா என் ரத்தம் தண்ணியா இருக்குதா டாக்டர்?"

"குழாயில பாக்கிறத நம்பாதீங்கம்மா. உள்ள அப்படியே நேர்மாறு."

பொறுமையாக விளக்கினார். ரத்தம் உறைவதற்கு ஒருவகைக் கொழுப்பின் துணை வேண்டும். நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்களில் சில, உன் உடம்பில் அந்தக் கொழுப்பையும் அதை ஒட்டிய புரதத்தையுமே பகையாக நினைத்துப் பிடித்துக்கொள்கின்றன. குழாயில் கொழுப்பு இப்படி மாட்டிக்கொள்வதால் உறைதல் தாமதமாகிறது. உடம்புக்குள்ளோ அதே எதிர்ப்பொருள்கள் ரத்தக்குழாயின் உள்சுவரிலும் தட்டணுக்களிலும் ஒட்டி, அவற்றைச் சீண்டிவிடுகின்றன. காயமே இல்லாத இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியையும் அவை விட்டுவைப்பதில்லை. நான் தலையாட்டினேன். நீயும் ஆட்டினாய்.

அடுத்த முறை, அப்படிக் கட்டாமலிருக்கக் கர்ப்பம் முழுக்க வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாய். தோலெல்லாம் நீலத் திட்டு. "பாப்பாவுக்கு நான் போட்ட கோலம்கா" என்று சிரிப்பாய். மகள் பிறந்தாள். பிறகு காலில் ரத்தம் கட்டி வீங்கவே, மறுபடி கட்டாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். உனக்கோ வேண்டுதல் பாக்கி இருந்தது. பிள்ளை பிறந்தால் வேல் குத்திப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாய்.

விரதம் சுத்தமாக இருந்தால் குத்தும்போது ரத்தம் வராது என்பது நம் சனங்களின் நம்பிக்கை. அன்று உனக்கு ஒரு சொட்டும் வரவில்லை. கூட்டம் வியந்து பேசியது. வேலோடு பேச முடியாமல், கண்ணாலேயே என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டாய்.

சில நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நுரையீரலில் ரத்தக்கட்டு. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு நடுவே என்னிடம் சொன்னாய்: "விரதம் ஆரம்பிச்சதும் மாத்திரைய நிறுத்திட்டேன்கா. என் ரத்தந்தான் ஏற்கெனவே தண்ணியாச்சே."

அன்று தலையாட்டினாயே, அடிப் பாவி.

நீ போனதிலிருந்து வருசா வருசம் உன் குடத்தை நான் சுமக்கிறேன், வேல் இல்லாமல். குத்திக்கொள்ள நிற்கும் பெண்களிடம், "மருந்து ஏதும் சாப்பிடுறியாம்மா? நிறுத்திட்டியா?" என்று கேட்பேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

குடத்தைத் துடைக்கும்போது உன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெரிம்மா, அம்மாவுக்கு வேல் குத்துனப்ப ரத்தமே வரலையாமே?"

"வரலைம்மா."

அவள் முகம் பெருமையில் மலர்ந்தது. அப்படியே உன் முகம். மாத்திரை சாப்பிட்டு ரத்தம் வந்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்று அவளிடம் எப்போது சொல்வதெனத் தெரியாமல், பளபளத்துக் கிடந்த குடத்தை மறுபடியும் தேய்த்தேன்.