மகாராணி விஷயமாக என் சம்பந்திக்கு

என் அருமைச் சம்பந்தி ராஜிக்கு,

நலமா என்று கேட்கக் கை போகிறது, பழக்கதோஷம். நான் நலமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். காலையில் ஆட்டுக் கொட்டாயின் கதவைத் திறக்கும்போதே எப்போது சாத்தலாம் என்று இருக்கிறது.

நாம் எப்படிச் சம்பந்தி ஆனோம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. உன் மகளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, என் மகனுக்கும் ஆகவில்லை. லாபிஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற நம் ஆராய்ச்சிப் பண்ணையில் நீ பெட்டை ஆடுகளைப் பார்த்துக்கொண்டாய், நான் கிடாக்களைப் பார்த்துக்கொண்டேன். பருவம், சினை, ஸ்கேன் எல்லாம் உன் பக்கம். விந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் பக்கம். ஒரு ஆடு சினை பிடிக்கவில்லை என்றால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நிற்பாய்.

"என்ன சம்பந்தி, உங்க பையனுக்கு ஏதாச்சும் கோளாறா?"

என் பையன்மேல் ஒரு குறையும் கிடையாது, உங்கள் பெண்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நானும் விடமாட்டேன். நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்று நம் மேலதிகாரி டாக்டர் ஹலிமுக்குக் கடைசிவரை புரியவில்லை. இப்போது அவரே வந்து, ஏன் கொட்டாய் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்கிறார். என்னத்தைச் சொல்ல?

கிடா வாடை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் இன்னமும் காடியின் ஜன்னல் கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டுத்தான் என்னை ஏற்றுகிறார். அந்த வாடையை நம்பித்தானே நீ உன் ஆராய்ச்சியைத் தொடங்கினாய்? மருந்து வைத்து, ஊசி போட்டு, எல்லா ஆடுகளையும் ஒரே நேரத்தில் பருவத்துக்குக் கொண்டுவரும் வழி புத்தகத்தில் இருக்கிறது. கிராமத்து வீட்டுக்குப் பின்னால் நாலைந்து ஆடு வைத்திருக்கிற கம்பத்து ஆளுக்கு அது கட்டுப்படியாகாது. கிடாவைக் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரத்தில் சில வாரம் பிரித்து வைத்துவிட்டு, திடீரென்று பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், குட்டி போட்டுக் களைத்துப் பருவமே வராமல் கிடக்கிற பெட்டைகூடக் கத்த ஆரம்பிக்கும் என்றாய். வெளியூர்களில் பார்த்திருக்கிறார்கள், நம் ஊர் ஆட்டில், நம் ஊர் வெக்கையில் நடக்கிறதா பார்ப்போம் என்றாய். அதற்காக என் பையன்களைச் செம்பனைக்கு அந்தப் பக்கம் நாடு கடத்தினாய். மழையில் தீவனம் சுமந்துகொண்டு போய்வந்தது நான்தான். அது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

நீ கடைசியாக ஸ்கேன் செய்தது மகாராணியை. காது கிழிந்த அந்தச் செம்பழுப்பு ஆடு, யார் தீவனம் வைத்தாலும் மற்ற ஆடுகளை முட்டித் தள்ளிவிட்டு முதல் வாய் தான்தான் தின்பாளே, அவள். அன்றைக்கு நோயில் வீங்கிய உன் வயிறும் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. தொளதொளவென்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாய். அதற்குச் சில நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தபோது, டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே நீ திரையைப் பார்த்து, "தண்ணி. நல்ல தண்ணி இல்ல" என்றாயாம். வாழ்நாள் முழுக்க வயிறுகளைப் பார்த்த கண் அல்லவா? அதை என்னிடம் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகாராணி வயிற்றில் கருவியை வைத்தாய். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு திரும்பி, "சினை" என்றாய். கொட்டாயில் இருந்த எல்லோரும் கை தட்டினோம். குட்டியின் இதயம் துடிப்பதைப் பார்க்காமல் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பது நீயே போட்ட சட்டம். அன்றைக்கு நீ அதைத் தேடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம் என்று கருவியைத் துடைத்து வைத்தாய். அடுத்த வாரம் நீ ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். அதற்கப்புறம் பண்ணைக்கு நீ வரவே இல்லை.

மகாராணியின் வயிறு பெருத்துக்கொண்டே போனது. உன் காரியம் முடிந்த பிறகு எங்கள் எல்லோருக்கும் அந்த வயிறுதான் ஆறுதல். உன் மகள் ஷாலினி கெலாங் பாத்தாவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். டிராபிக் ஜேமில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நிற்கிறபோதெல்லாம் எனக்கு வாட்ஸ்அப் அனுப்புவாள். ஆடு சாப்பிட்டதா, படுத்ததா, வயிறு எப்படி இருக்கிறது என்று. நான் போட்டோ எடுத்து அனுப்புவேன். பெட்டைக் குட்டியாக இருந்தால் ராஜி என்றுதான் பெயர் வைக்க வேண்டும் என்று முன்பதிவு செய்துவிட்டாள். அம்மா பெயரை ஆட்டுக்கு வைக்கிறாயே என்று கேட்டால், அம்மாவுக்கு அதைவிடப் பெருமை என்ன என்கிறாள்.

குட்டி போடும் நாள் நெருங்க நெருங்க எனக்குத்தான் மனது உறுத்தியது. விலாவில் கை வைத்தால் உதை இல்லை. வயிறு தொளதொளவென்று ஆடியது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், உன் கருவியை எடுத்து நானே வைத்துப் பார்த்தேன்.

ஒரே கறுப்பு, சம்பந்தி. எலும்பில்லை, துடிப்பில்லை, குட்டி இல்லை. வெறும் நீர்.

பொய்ச்சினை. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, வேறு யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். சில ஆடுகளுக்குக் கர்ப்பப்பையில் நீர் மட்டும் கட்டிக்கொள்ளும். உடம்பு அதைச் சினை என்றே நம்பிவிடும். பருவம் வராது, வயிறு பெருக்கும், மடிகூடச் சுரக்கும். முதலில் ஒரு கரு இருந்து கரைந்துபோயிருக்கலாம், ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

டாக்டர் ஹலிமிடம் சொன்னேன். அவர் உன் ஆராய்ச்சிக் கட்டுரையை உன் பெயரிலேயே அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். முதல் ஸ்கேனில் சினை என்று நீ பதிந்திருக்கிறாய், இரண்டாவது ஸ்கேன் திட்டத்திலேயே இல்லை, அப்படியே விட்டாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்றார் மலாயில், மெதுவாக. மாற்றினால் உன் முறை ஒன்றும் பொய்யாகிவிடாது, ஆனால் அத்தனை பளிச்சென்று தெரியாது. அது உன் கடைசிப் பதிவு, உன் தோழி நான்தான், நானே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷர்தான், பாரத்தை மட்டும் என் தலையில் இறக்கிவிட்டார்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது, ராஜி. செத்துப்போனவள்மேல் கோபப்படுவது எவ்வளவு களைப்பான வேலை தெரியுமா? பதிலுக்குச் சண்டை போடக்கூட ஆளில்லை. உன் வயிற்றில் இருந்ததைப் பார்த்த மாத்திரத்தில் தண்ணீர் என்று சொன்னவள் நீ. மகாராணி வயிற்றில் மட்டும் அது ஏன் உனக்குத் தெரியவில்லை? தெரியவில்லையா, தெரிந்தும் வேண்டாம் என்று இருந்தாயா? அத்தனை நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாயே, என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?

போனில் சொல்லும் விஷயமா இது? அந்த ஞாயிற்றுக்கிழமை கெலாங் பாத்தாவுக்குப் போனேன். ஷாலினி நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தாள், எனக்குச் சம்பல் தனியாக. முதலில் சாப்பிடுங்கள் என்றாள். சாப்பிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியதால், கையைக்கூடக் கழுவாமல் சொல்லிவிட்டேன்.

அவள் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அம்மா தப்பா பார்த்துட்டாங்களா ஆன்ட்டி?"

ஆரம்பத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றேன். யார் பார்த்தாலும் ஏமாறலாம், அதனால்தான் மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்வது, அம்மாவுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றேன். கட்டுரையில் மாற்றாமல் விட்டுவிடலாம் என்று டாக்டர் ஹலிம் சொன்னதையும் சொன்னேன். உள்ளதைச் சொல்கிறேன், விட்டுவிடுங்கள் ஆன்ட்டி என்று அவள் சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. எனக்கு அவ்வளவு அலுப்பு.

அவளுக்குக் கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"அந்த மாசம் ஃபுல்லா அம்மா பார்த்த ஸ்கேன் எல்லாமே கெட்ட ஸ்கேன்தான் ஆன்ட்டி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, இன்னிக்கு ஒன்னு நல்லதா பார்த்தேன்டின்னு சொன்னாங்க. ராத்திரி ரெண்டு இட்லி கூட சாப்பிட்டாங்க."

அவ்வளவுதான். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் அழுதேன்.

பிறகு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஆனா எழுதும்போது கரெக்டா எழுதிடுங்க. இல்லாட்டி அம்மா எழுந்து வந்துருவாங்க லா."

எழுதிவிட்டேன், சம்பந்தி. மகாராணிக்கு நேரே, முதல் ஸ்கேனில் இதயத்துடிப்பு பார்க்கப்படவில்லை, பின்னர் பொய்ச்சினை என்று தெரிந்தது என்று எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். கட்டுரை போய்விட்டது. உன் முறை பரவாயில்லை என்கிற அளவுக்கு நிற்கிறது. பரவாயில்லை என்பது உனக்குப் பிடித்த வார்த்தை இல்லை, எனக்குத் தெரியும்.

மகாராணிக்கு ஊசி போட்டோம். நீர் அத்தனையும் இறங்கிவிட்டது. என் பூட்ஸ் நனைந்துபோனது. அவள் ஒரு நாள் குட்டியைத் தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள், மறுநாள் தீவனத் தொட்டியில் பழையபடி அடிதடி. சில வாரம் கழித்து, அந்தப் பக்கம் வைத்திருந்த என் பையனை நீ சொன்ன முறைப்படியே கொண்டுவந்து வேலிக்கு அருகில் நிறுத்தினேன். கொட்டாயில் முதலில் கத்தியது யார் என்று நினைக்கிறாய்? உன் பெண்தான். வெட்கமே இல்லை.

இரண்டையும் சேர்த்துவிட்டோம், மகாராணிக்குச் சினை பிடித்திருக்கிறதா என்று இன்னும் தெரியாது. ஸ்கேன் அன்றைக்கு ஷாலினி லீவு போட்டுவிட்டு லாபிஸுக்கு வருகிறாள். திரையில் துடிப்பைப் பார்த்தால்தான் வாய் திறப்பேன். தண்ணீராக இருந்தால் தண்ணீர் என்றே எழுதுவேன், அவள் பக்கத்தில் நின்றாலும் எழுதுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. ஆனால் எழுதுவதற்கு முன்னால், நீ பார்த்த மாதிரியே கொஞ்ச நேரம், அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு மட்டும் என்னைத் திட்டாதே.

இப்படிக்கு,
உன் மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி
கஸ்தூரி