இடப்பக்கத்து நட்டு

இன்று காலை, மாடியில் குடியிருக்கும் பாங்க் ஊழியர் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு இடது பெடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பானரைப் பிடித்துத் தொங்காத குறை. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம், பெடல் அசையவில்லை. நான் சமையலறை ஜன்னலோரம் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்தேன், அப்புறம் பொறுக்கவில்லை.

“பலக்கே” என்றேன்.

அவர் கன்னடக்காரர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஸ்பானரை மாற்றிப் பிடித்து வலது பக்கமாக ஒரு திருகு திருகினார். பெடல் கழன்று கையோடு வந்துவிட்டது. “நிமகே ஹேகே கொத்து, அம்மா?” என்றார். எனக்கு எப்படித் தெரியுமாம். என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தார் என்று உங்களைச் சொல்லிவிட்டு ஜன்னலை விட்டு வந்துவிட்டேன். அது முழு உண்மையும் இல்லை. கன்னடத்தில் ‘பலக்கே’ என்றால் வலப்பக்கமாக என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை நம் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்பதை மாடிக்காரரிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? உங்களிடம் சொன்னால் நீங்களாவது சிரிப்பீர்கள். அதனால்தான் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. எங்கள் வீட்டுத் தமிழில் பாதி கன்னடம். நீங்களோ பாளையங்கோட்டைக்காரர், பஸ் கம்பெனியில் எஞ்சின் ஃபிட்டர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். கல்யாணமான புதிதில் உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே “சாக்கா?” என்று கேட்டேன். போதுமா என்றுதான் கேட்டேன். நீங்கள் கையைச் சோற்றில் வைத்தபடியே வீட்டு மூலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “எந்தச் சாக்கு? அரிசிச் சாக்கா?” என்றீர்கள். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும். சிரித்ததோடு விட்டுவிட்டேன்.

பஸ் கம்பெனி கை மாறி, புது முதலாளி தம் ஆட்களோடு வந்தபோது உங்கள் வேலை போயிற்று. தூத்துக்குடியில் உங்கள் அண்ணன் துறைமுகத்தில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்றார். நான் அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். உங்களோடு வந்தால் என் வேலை போகும். வராவிட்டால் நீங்கள் அங்கே, நான் இங்கே. வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் நர்ஸ்கள் விடுதியைச் சுற்றி நிறைய இருந்தன. அப்படி ஒரு குடும்பமாக நாம் ஆகிவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. உங்களுக்கும் இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வார்டு டாக்டரம்மா கார் பேச்சை எடுத்தார். குடகில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறியபோது, தம் மனைவிக்குப் பிரசவம் பார்த்த நன்றிக்கு அந்தக் காரை டாக்டரம்மாவுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யுத்தத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். நீள மூக்கு, கம்பிச் சக்கரங்கள், முழங்கால் உயரத்துக்குக் கதவு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது கியர் போட்டால் நிற்காமல் வெளியே குதித்துவிடும், பின் ஆக்சில் ஓநாய் மாதிரி ஊளையிடும். ஊரில் யாரும் அதைத் தொடப் பயந்தார்கள். “உன் வீட்டுக்காரர் இதைச் சாமுண்டி மலை ஏற்றி இறக்கிக் காட்டட்டும், அப்புறம் நான் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்” என்றார் டாக்டரம்மா. மைசூரில் கார் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் வீட்டிலேயே தொழில் நடத்தலாம், தூத்துக்குடிக்குப் போக வேண்டியதில்லை. எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லஷ்கர் மொஹல்லாவில் நம் வாடகை வீட்டுக் கொல்லைக்கு அந்தக் காரை இரண்டு மாடுகள் இழுத்து வந்தன. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. முதலில் கியர்பாக்ஸை இறக்கினீர்கள். அதைப் பிரித்துப் போடச் சமமான இடம் வேண்டும் என்று நம் சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து நாம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், பல்சக்கரங்கள் மேசைமேல் துணி விரித்து உட்கார்ந்திருந்தன. நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் மண்ணெண்ணெயில் சாமான்களைக் கழுவிக் கொடுப்பேன். கத்தரிக்கோலும் இடுக்கியும் கழுவிப் பழகிய கைதானே. “நீ கழுவினா தூசி தும்பு இருக்காதுட்டி” என்று நீங்கள் சொன்னது எனக்கு எந்தப் பட்டத்தையும்விட உசத்தி. கியரைப் பிடித்து வைக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது, அது உட்காரும் பள்ளமும் தேய்ந்திருந்தது. ஸ்பிரிங்கை மாற்றி, பள்ளத்தைச் சீராக்கினீர்கள். கியர் குதிப்பது நின்றது.

பின் ஆக்சில்தான் சங்கடம். எஞ்சின் என்றால் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஆக்சிலை முழுக்கப் பிரிப்பது அதுவே முதல் தடவை. காரோடு வந்த கைப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதனால் நான் வாசித்து அர்த்தம் சொல்வது, நீங்கள் செய்வது என்று ஏற்பாடு. சக்கரத்தைக் கழற்றினால் நடுவில் ஒரு பெரிய நட்டு. அதை எடுத்தால்தான் உள்ளே இருக்கும் தண்டு வெளியே வரும். வலப்பக்கத்து நட்டு சொன்னபடி கேட்டுக் கழன்றுவிட்டது. இடப்பக்கம் வந்தோம். நான் பக்கத்தைப் புரட்டி வாசித்துவிட்டு, எங்கள் வீட்டுத் தமிழில் சொன்னேன்: “இந்தப் பக்கத்து நட்டை மட்டும் பலக்கே திருகணுமாம்.”

“பலமாத்தானே? திருகிட்டாப் போச்சு” என்றீர்கள்.

நான் அதைக் காதில் வாங்கியும் வாங்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் ஸ்பானரில் ஒரு நீளக் குழாயை மாட்டினீர்கள். வழக்கமாகக் கழற்றுகிற மாதிரி இடப்பக்கமாக, உங்கள் பலத்தையெல்லாம் போட்டுத் திருகினீர்கள். அசையவில்லை. “புஸ்தகத்துல சொன்னது சரிதான், நல்ல பலமாத்தான் திருகணும்” என்று சொல்லிக் குழாயின் மேல் ஏறியே நின்றீர்கள். டக் என்று ஒரு சத்தம். குழாயும் நீங்களும் தரையில் கிடந்தீர்கள். நட்டும் தண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறி, மரை மொத்தமும் உரிந்து போயிருந்தது.

அந்தப் பக்கத்துக்கு இடது மரை. வண்டி முன்னால் ஓடும்போது நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. கழற்ற வலப்பக்கமாகத் திருக வேண்டும், அதைத்தான் நான் சொன்னேன். நீங்கள் கேட்டதும் நான் சொன்னதுதான். யார்மேல் குற்றம் என்று பிற்காலத்தில் வருஷக்கணக்காக வாதாடினோம், தீர்ப்பு வரவில்லை. நீங்கள் “மைசூர்க்காரி பேசுறது தமிழா?” என்பீர்கள், நான் “கேட்கிறவருக்கு மரை கழன்றிருந்தால் நான் என்ன செய்ய?” என்பேன். அன்றைக்கு மட்டும் இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

அன்று நீங்கள் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். தண்டு இங்கிலாந்தில் இருந்து வர வேண்டும். யார் வரவழைப்பது, எப்போது வந்து சேர்வது? மறுநாள் டாக்டரம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, “ஒந்து மாதிகே ஒந்து ஆக்ஸிலா?” என்றார். ஒரு வார்த்தைக்கு ஒரு ஆக்சிலா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கிறிஸ்துமஸ் வரை பார்க்கலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து இழுத்து வெளியே வைத்திருந்தீர்கள். “எங்கே போறீங்க?” என்று கேட்டேன். “எங்கயும் போகல. உள்ள என் பழைய அரம் கெடக்கு, அதைத் தேடுதேன்” என்றீர்கள். அப்போது நான் அழுதது அரத்துக்காக என்று நினைத்தீர்களோ என்னவோ, முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

உரிந்த மரையை முழுக்கக் கடைந்து எடுத்துவிட்டு, அதே தண்டில் கொஞ்சம் சிறிய அளவில் புது மரை வெட்டுவது, அதற்கேற்ற புது நட்டு கடைவது. இதுதான் உங்கள் யோசனை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை இருந்தது. நான் கூட வந்து கன்னடத்தில் விளக்கிச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டீர்கள். “நீ வேண்டாம்ட்டி. வார்த்தையே வேண்டாம்.” அதைச் சொல்லிக்கொண்டே போய், இடது மரைக்கு மாதிரி காட்ட உங்கள் சைக்கிளின் இடது பெடலைக் கழற்றினீர்கள். அது வலப்பக்கமாகத் திருகினால்தான் கழலும். பாதியில் கை நின்றது. பெடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டீர்கள். சின்ன வயதில் இருந்து தெரிந்த சங்கதி, அன்றைக்கு அந்த நட்டின் முன்னால் ஞாபகத்துக்கு வரவில்லை. பெடலைக் கொண்டுபோய் லேத்துக்காரர் முன்னால் வைத்து, அதன் மரையையும் தண்டையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினீர்களாம். அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பெடலை மாதிரிக்கு வைத்துக்கொண்டார். வேலை முடிகிறவரை நீங்கள் ஒற்றைப் பெடல் சைக்கிளில்தான் ஊரைச் சுற்றினீர்கள். எதிர் வீட்டுக்காரர்கள் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள்.

தண்டு வந்ததும் மற்றதெல்லாம் பொறுமை வேலை. பெங்களூரில் இருந்து புது பேரிங் வந்தது. ஆக்சிலுக்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களும் சரியான இடத்தில் தொட்டுக்கொள்கின்றனவா என்று பார்க்க, பற்களில் எதையாவது பூசிச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீங்கள் என் கண்மைச் சிமிழைக் கேட்டீர்கள். கொடுத்தேன். பல்லின் ஓரத்தில் மை அழிந்தால் தவறு, நடுவில் அழிந்தால் சரி. பிஸ்கட் டின்னை வெட்டி மெல்லிய வளையங்கள் செய்து உள்ளே வைப்பதும், எடுப்பதும், மறுபடி மை பூசுவதுமாக இருந்தீர்கள். மை நடுவில் அழிந்த அன்று சிமிழும் காலி. நான் வெறுங்கண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடம்புக்கு என்ன என்று நோயாளிகள் என்னைக் கேட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்த புடவையோடு என்னைக் காரில் ஏறச் சொன்னீர்கள். நான் உட்கார்ந்தது இடப்பக்கம். “அந்த நட்டு உன் பக்கந்தான். கழண்டா முதல்ல உனக்குத்தான் தெரியும்” என்றீர்கள். நல்ல ஆறுதல்! வழியில் ஒரு பிரிவு வந்தது. நான் வாயைத் திறந்து “எடக்கே” என்றேன், இடப்பக்கமாக என்று. “எடக்குப் பண்ணாத. பேசாம கையக் காட்டு” என்றீர்கள். அன்றில் இருந்து நான் உங்களுக்கு வாயால் வழி சொன்னதே இல்லை, எல்லாம் கையால்தான்.

மலைப்பாதையில் மூன்றாவது கியர் இருந்த இடத்தில் இருந்தது. ஊளைச் சத்தம் இல்லை, மெல்லிய ரீங்காரம்தான். பாதி மலையில் இருக்கும் பெரிய நந்திச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்தி இறங்கினீர்கள். குழந்தையின் நெற்றியில் ஜுரம் பார்ப்பதுபோல இடச் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தீர்கள். என்னையும் வைக்கச் சொன்னீர்கள். வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. “ஜுரம் இல்லை” என்று நான் சொன்னேன். நீங்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றீர்கள். மேலே ஏறி, சுற்றி, கீழே வந்து காரை நேராக டாக்டரம்மா வீட்டு வாசலில் நிறுத்தினோம்.

நீங்கள் தூத்துக்குடிக்குப் போகவில்லை. டாக்டரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொல்லையில் தகரக் கொட்டகை வந்தது, பிறகு வேறு வேறு கார்கள் வந்தன. சாப்பாட்டு மேசை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. அதைப் பற்றி நான் குறைப்பட்டுக்கொண்டே இருந்தேன், இப்போது இல்லை. இன்றைக்கு அந்த மேசைமேல்தான் எழுதுகிறேன். எத்தனை துடைத்தும் எண்ணெய்க் கறை போகவில்லை, தாளில் கூட லேசாகப் படிகிறது.

கடைசியில் உங்களுக்கு இடக் கையும் இடக் காலும் விழுந்து படுக்கையானபோது, படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள நான்தான் புரட்டிப் படுக்க வைப்பேன். ஒரு நாள் அசதியில் பழைய வாய்ப்பழக்கம் வந்துவிட்டது. “கொஞ்சம் பலக்கே திரும்புங்க” என்றேன். உங்களுக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்த சமயம். ஆனாலும் கோணிப்போன வாயால் சிரித்து, “பலமெல்லாம் போயிட்டுட்டி” என்றீர்கள். நானும் சிரித்தேன். வெளியே போய்த்தான் அழுதேன். நர்ஸாக இருந்ததில் கற்றுக்கொண்ட பழக்கம் அது.

உங்களை அடக்கம் பண்ணிய பிறகு, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டு வைக்கச் சொல்லக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. அங்கே காவலிருக்கும் கன்னடக்காரர் கையில் கம்போடு, “எடக்கோ பலக்கோ, அம்மா?” என்று கேட்டார். காரில் எப்போதும் உங்கள் இடப்பக்கமே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் யோசிக்காமல் “பலக்கே” என்றேன். அவர் சரியாகப் புரிந்துகொண்டு, உங்களுக்கு வலப்பக்கம் மண்ணில் கோடு கிழித்தார். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கையையும் காட்டிவிட்டு வந்தேன்.