அவரவர் சாயா

என் பிரியப்பட்ட மைனி,

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்லூரியில் உங்களுக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். திரும்பி வந்ததிலிருந்து அஞ்சுகிராமத்தில் என் தையல் கடையில் உட்கார்ந்து, தைத்ததைப் பிரிப்பதும் பிரித்ததைத் தைப்பதுமாக இருக்கிறேன். யாரிடம் கொட்டுவது? இத்தனை காலம் உங்களிடம்தான் கொட்டினேன். அண்ணன் பெண்டாட்டியிடம் நாத்தனார் மனசு விட்டுப் பேசுகிறாளே என்று சொந்தக்காரர்களுக்கே அதிசயம்.

மேடையில் உங்கள் படம், சந்தனமாலையோடு. தலையைக் குனிந்து நிற்கிற கல்யாணப் படத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். உளவியல் துறையில் தலைமுடி நரைக்கும்வரை பாடம் நடத்திய பேராசிரியைக்கு வேறு படமே கிடைக்கவில்லையா? கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "அப்புறம்?" என்று கேட்பீர்களே, அந்த முகத்தை எங்கே ஒளித்து வைத்தார்கள்?

முதலில் அண்ணன் பேசினான். "அவ என்னை எதுத்து ஒரு வார்த்த பேசுனதில்ல, கேட்டேளா" என்று அழுதான். கூட்டம் உச்சுக் கொட்டியது. மைனி, நீங்கள் எதிர்த்துப் பேசாத நாள் உண்டா? மீன்குழம்புக்கு மாங்காயா புளியா என்பதில் ஆரம்பித்து, மகளை வெளியூரில் படிக்க வைப்பது வரைக்கும் சண்டைதான். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சினிமாவுக்குப் போவீர்கள். அதுதானே உங்கள் குடித்தனத்தின் அழகு? அவன் அழுகை பொய்யில்லை. அவன் அதை உண்மையென்றே நம்பிச் சொன்னான், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்து கல்லூரிச் செயலாளர். உங்கள் சனிக்கிழமை வகுப்பை நிறுத்த மாட்டார்களாம், மேம்படுத்தப் போகிறார்களாம். இனி அது 'இல்லற நல்வாழ்வு வகுப்பு'. கல்யாணம் ஆகப்போகிற பெண்களுக்கு மட்டும். முதல் பாடம் பொறுமை, அடுத்த பாடம் அனுசரிப்பு. நடத்துவதற்கு ஓர் ஆண் ஆலோசகர் வருகிறார். அறை வாசலில் உங்கள் பெயரைப் போடுவார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

அந்த வகுப்பு எப்படி ஆரம்பித்தது என்று அந்த மனுஷனுக்குத் தெரியுமா? உங்கள் மாணவிகள் பரீட்சையில் சுயமதிப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எழுதிவிட்டு வெளியே வந்து, "டூருக்கு வரணும்னா தம்பிகிட்டக் கேக்கணும் மேடம்" என்பார்கள். பள்ளிக்கூடம் போகிற தம்பியிடம்! அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நான் பாடம் நடத்தல பகவதி, டிக்டேஷன் குடுத்திட்டிருக்கேன்" என்று சாப்பிடாமல் படுத்தீர்கள். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் படித்தவள், படிக்காதவள் என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் அந்த அறையைத் திறந்தீர்கள்.

அங்கே முதல் பாடமே சாயாதான். ஃபிளாஸ்க் நடுவில் இருக்கும். அவரவர் சாயாவை அவரவரே ஊற்றிக்கொள்ள வேண்டும், யாரும் யாருக்கும் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. கேட்பதற்கு எளிதுதான். முதல் நாள் மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க எல்லாரும் ஒருசேர எழும்பி ஃபிளாஸ்கைப் பிடித்து இழுத்தோம். கடியப்பட்டணத்தில் மீன் விற்கிற சகாயமேரி ஜெயித்தாள். எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, தனக்கு இல்லாமல் நின்றாள். "பழக்கதோசம் டீச்சர்" என்று சிரித்தாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "ஒனக்குச் சாயா வேணுமா வேண்டாமா, சகாயம்?" என்று கேட்டீர்கள். பதில் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமானது, ஞாபகமிருக்கிறதா? கடைசியில் "வேணும்" என்றபோது அவள் கண் நிறைந்துவிட்டது. என்னிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் மேலும் கோபம் உண்டு, மைனி. "இந்த ரூம் நாளைக்கும் நமக்கு இருக்குமா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "நம்ம காலேஜ்தானே, யாரு கேக்கப்போறா" என்பீர்கள். ஊரார் மனசையெல்லாம் படித்தவர் செயலாளர் மனசைப் படிக்காமல் விட்டது எப்படி? தலைவலி என்று படுத்தவர் இப்படியா எங்களை நடுவழியில் விட்டுப் போவது?

கூட்டம் முடிகிற நேரம், செயலாளர் மைக்கிலேயே சொன்னார்: "இப்போது சனிக்கிழமை வகுப்புச் சகோதரிகள் நம் எல்லாருக்கும் தேநீர் பரிமாறுவார்கள். அதுவே மேடத்துக்கு நாம் செய்யும் மரியாதை."

எங்கள் வரிசை அசையவில்லை. அண்ணன் என் பக்கம் குனிந்து, "ஏட்டி பகவதி, எழும்பு. ஆளுவ பாக்காவ" என்றான்.

"பாக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கால் எழும்பத்தான் பார்த்தது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சகாயமேரி எழும்பினாள். போச்சு என்று நினைத்தேன். மேசைக்குப் போய் ஒரு கிளாஸில் சாயா ஊற்றினாள். ஒரே ஒரு கிளாஸ். அதைக் கையில் பிடித்தபடி மேடைக்கு முன்னால் நடந்து வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தாள். செயலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேணும், எடுத்தேன். ஒங்களுக்கு வேணும்னா அங்கன இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் ஒவ்வொருத்தியாகப் போய் எங்கள் எங்கள் சாயாவை ஊற்றிக்கொண்டு வந்தோம். கடைசியில் அண்ணனும் போனான். "சீனி எங்க இருக்கு?" என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை.

அந்த அறையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். வருகிற சனிக்கிழமை என் கடை மாடியில் கூடுகிறோம். துணிக்கட்டுகளை ஒதுக்கிப் பாய் விரித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போட்ட உங்கள் படத்தை உங்கள் மகளிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், அதற்கு மாலை போடமாட்டேன். பொறுமைப் பாடம் படித்துவிட்டு எவளாவது ஒருத்தி மாடிப் படியேறி வராமலா போவாள்? வந்தால், ஃபிளாஸ்கைக் காட்டி, வேணுமா வேண்டாமா என்று கேட்பேன். எவ்வளவு நேரமானாலும் அவள் வாயால் பதில் வரும்வரை காத்திருப்பேன். நான் ஊற்றிக் கொடுக்க மாட்டேன், மைனி. இது சத்தியம்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் நாத்தனார்,
பகவதி