ஒரு கிலோ தலையணை, ஏழு கிலோ பெட்டி

காலையில் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பழைய பிரவுன் டேப் சுருள் ஒன்று உருண்டு வந்தது. முனையில் உன் பல் பட்ட தடம். கத்திரிக்கோல் கையிலேயே இருந்தாலும் நீ கடித்துத்தான் அறுப்பாய். எத்தனை தரம் திட்டியிருப்பேன்! இன்று அதைக் குப்பையில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதற்கும் நீதான் காரணம்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்த போடிக்காரி நீ. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே அசெம்பிளி லைன். ஒரே நாளில் கான்ட்ராக்டும் முடிந்தது. "வேலை இல்லைன்னா ஊருக்கு வந்து சேரு" என்று உன் அப்பா போனில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போய்விடக் கூடாது. அதற்காகத்தான் ஆன்லைன் கடை யோசனையையே சொன்னேன். தொழில் ஆசை என்று உன்னிடம் சொன்னது பொய். போடியில் உன் மாமா தைக்கும் இலவம்பஞ்சுத் தலையணைகளை வரவழைத்து விற்பது என்று முடிவானது.

முதல் கணக்கிலேயே சொதப்பினேன். தலையணையை மளிகைக்கடைத் தராசில் வைத்தேன், ஒரு கிலோ. அதற்கு உண்டான கூரியர் கட்டணத்தை விலையோடு சேர்த்து, 'டெலிவரி இலவசம்' என்று போட்டேன். கூரியர்காரரோ எடையைச் சட்டை செய்யவே இல்லை. பெட்டியை சென்டிமீட்டரில் அளந்து, நீள அகல உயரத்தைப் பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து, ஏழு கிலோ என்றார்.

"இன்னாடி இது? பஞ்சுக்குப் போயி ஏழு கிலோன்னு போட்டுகினு கீறாரு!" என்று கத்தினேன்.

நீ சிரித்தாய். "கனத்துக்கு இல்லடி, அடைக்கிற எடத்துக்குத்தேன் காசு. நாம காத்தை அனுப்பப் பாத்திருக்கோம்."

இப்படியே போனால் ஒரே மாதத்தில் கடை மூடும், நீ போடிக்கு பஸ் ஏறுவாய். எனக்கு அழுகை வந்தது. நீயோ தலையணையை பிளாஸ்டிக் உறைக்குள் திணித்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். காற்று புஸ்ஸென்று போனது. பாய்போலச் சுருட்டிக் கட்டினோம். பெட்டி பாதிக்கும் கீழே சுருங்கியது, கட்டணமும் கூடவே இறங்கியது. ஒவ்வொரு பெட்டியிலும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "ரெண்டு மணி நேரம் வெயில்ல போடுங்க, எந்திரிச்சிரும்."

'உப்பிவிடும்' என்று எழுது என்றேன். "எங்கூர்ல பஞ்சு எந்திரிக்கத்தேன் செய்யும்" என்றாய். ஒரு அம்மா போன் செய்து, "யாரும்மா எந்திரிப்பாங்க?" என்று பயந்துபோய்க் கேட்டார். நாம் சிரித்த சிரிப்பில் என் அம்மா என்னவோ ஏதோ என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

கடை பிழைத்தது. மூன்று வருடம் நீ இங்கேயே இருந்தாய். பிறகு ஐந்தே நாள் காய்ச்சல்.

உன்னைப் போக விடக் கூடாது என்று கடை போட்டவள், உன் துணிகளையும் வல்லக்கோட்டையில் நீ வாங்கிய முருகன் படத்தையும் நானே அளந்து உன் அம்மாவுக்கு அனுப்பினேன். துணிகளை அழுத்திச் சுருக்கக் கை வரவில்லை. பெரிய பெட்டியாகவே போகட்டும் என்று விட்டுவிட்டேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. இன்னும் இருக்கிறது.

நேற்று சென்னையிலிருந்து ஒருவர் போனில், தலையணையை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் நடுவில் என்னை நிறுத்தி, "நீங்க போடிப் பக்கமாம்மா? பேச்சுலயே தெரியுது. நானும் தேனிதேன்" என்றார்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரைத் தாண்டி நான் குடியிருந்ததில்லை.

"ஆமாண்ணே," என்றேன், "போடிதேன்."