ஜீப்பின் தரையில் நாலு ஓட்டை

உங்கள் ஜீப்பின் தரைத் தகடு இரண்டு துண்டுகளாகச் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. அடியில் பழைய பேப்பர் விரித்திருக்கிறேன். அப்படியும் துருப்பொடி மேசைவிரிப்பில் செங்கல் நிறத்தில் உதிர்ந்துவிட்டது. வீடு முழுக்க ஈர இரும்பின் வாடை. நீங்கள் இருந்தபோது இப்படி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தால் நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். இப்போது நானே கொண்டுவந்து வைத்துவிட்டு, எடுக்கவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வண்டி ஒரு மழைக்காலம் முழுக்க முற்றத்தில் நனைந்தது. துபாயிலிருந்து மகள் ஒவ்வொரு போனிலும், "அம்மா, அத ஆருக்காவது குடுத்துத் தொலைங்க" என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்கு ஓட்டத் தெரியாது. ரப்பர் ஷீட் ஏற்றிவர இப்போது தோட்டமும் நம் கையில் இல்லை. ஆனாலும் ஒருநாள் கருங்கல் சந்தைக்கு மீன் வாங்கப் போனவள், மீன் வாங்காமல் நேரே டிங்கர் பட்டறையில் போய் நின்றேன். "ஒரு பழைய ஜீப்பு உண்டு மக்கா. தரையெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. நேராக்கித் தருவியளா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை பிடிபடவில்லை. தம்பி மகன் ஓட்டுவான் என்று மகளிடம் சொன்னேன். தம்பி மகனுக்கே அது தெரியாது.

அந்த ஜீப்பை நான் விரும்பியதே இல்லை. மழை விட்டதும் மற்ற வீட்டு ஆண்கள் கூரை ஓடு மாற்றுவார்கள். நீங்கள் வெல்டிங் செட் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவீர்கள். வெட்டுவது, ஒட்டுவது, பட்டி பூசித் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது. அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடியும் பொத்தல். "போன வருசம் அடைச்சது எங்க?" என்று கேட்டால், அடியிலிருந்தே பதில் வரும்: "உப்புக் காத்தாக்கும், ஏட்டி. கடல வச்சுக்கிட்டு இரும்பக் குத்தஞ் சொல்லலாமா?" சபைப் பெண்களிடம் நான், "எனக்கொரு சக்களத்தி உண்டு, நாலு டயர்ல நிக்கிறா" என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். பாதி வேடிக்கை. மீதி உண்மையாகவே எரிச்சல்.

கடைசி வருடம் மூச்சிரைத்துக்கொண்டே பெயிண்ட் அடித்தீர்கள். கையில் கறுப்புப் பெயிண்டோடு காபி கேட்டு வந்தபோது, "நான் ஒரு ஜீப்பாப் பொறந்திருந்தா என்னையும் கொஞ்சம் பாத்திருப்பிய" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. டம்ளரை விளிம்பில் பிடித்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அந்தக் கிறிஸ்மஸ் வருமுன்பே நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் பேச்சைத் திருப்பி எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. நேரம் இருந்தது. நான் சொன்னது சரியென்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் பட்டறைக்குப் போனேன். டிங்கர் ஜெபசிங்குக்கு நாற்பது வயதிருக்கும், பேச்சில் கெட்டி. சீட்டுகளைக் கழற்றி வைத்திருந்தார். நான் உட்காரும் பக்கத்துத் தரையில் ரப்பர் பாயைச் சுருட்டித் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, இங்க பாருங்க. கம்பெனிக்காரன் தரையில நாலு ஓட்ட விட்டிருக்கான். உள்ள எறங்குற தண்ணி வடியதுக்கு. நாலையும் ரப்பர வச்சு அடைச்சாச்சு. மழத்தண்ணி, கழுவுன தண்ணி எல்லாம் பாய்க்க அடியிலயே கெடந்து ஊறியிருக்கு. உப்புக் காத்துமில்ல, ஒண்ணுமில்ல. இந்த ரப்பர்த் தக்கதான் தரையத் தின்னது. ஆரு அடைச்சா?"

"அவருதான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது. ஜெபசிங் தலையில் அடித்துக்கொண்டார். "இவ்வளவு வேல தெரிஞ்ச மனுசன், இது தெரியாமப் போச்சே!" பக்கத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவரும் சிரித்தார். நானும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடைத்தது நான். வண்டி வாங்கிய வருடம், ஞாயிற்றுக்கிழமை. நான் வெள்ளைச் சேலையில் கோயிலுக்குப் புறப்பட்டேன். திருவிருந்து ஞாயிறு, பொட்டுக்கறை இருக்கக்கூடாது. குளத்தங்கரைப் பள்ளத்தில் வண்டி இறங்கியதும் கலங்கல் தண்ணீர் தரை ஓட்டை வழியாகப் பீச்சி முழங்கால்வரை நனைத்துவிட்டது. கோயிலில் பின் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நீங்கள் தோட்டத்துக்கு நடந்தே போன நேரம், ரப்பர் உலர்த்தும் புகைப்புரையில் கிடந்த ஷீட்டில் நாலு துண்டு வெட்டி, பசை தடவி, நாலு ஓட்டையிலும் திணித்து அடைத்தேன். உங்களிடம் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது ஒரு காரியமாகவே தோன்றவில்லை. அதற்குப் பிறகு கால் நனையவில்லை, நானும் மறந்துபோனேன். சனிக்கிழமைதோறும் கோயிலுக்காக வண்டியை உள்ளும் புறமும் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவியதும் நான்தான். என் பக்கத்துத் தரை மட்டும் ஏன் இப்படிப் போகிறது என்று உங்களிடமே சண்டை பிடித்திருக்கிறேன், பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து ஜெபசிங்கே போன் செய்தார். "அக்கா, ஒண்ணு வந்து பாருங்க. எனக்கு ஒரு எழவும் வெளங்கல்ல."

தரையை வெட்டி எடுத்துப் போட்டிருந்தார். பின்பாதி பழைய தகடு. அதில் இரண்டு ஓட்டை. கோணல்மாணலாக வெட்டிய என் ரப்பர் துண்டுகள் பசை வழிந்து அப்படியே இருந்தன. முன்பாதி நீங்கள் வெல்டு வைத்த புதுத் தகடு. அதிலும் இரண்டு ஓட்டை. டிரில் போட்டு, பிசிறை அரத்தால் ராவி, அளவாக வட்டம் வெட்டிய ரப்பரால் அடைத்திருந்தது. உங்கள் கைவேலையை எனக்குத் தெரியாதா?

"புதுத் தகட்டுல தண்ணி வடிய ஓட்ட போடணும்னு தெரிஞ்சிருக்கு" என்றார் ஜெபசிங். "போட்டிருக்காரு. பொறவு அவரே அத அடைச்சும் வச்சிருக்காரு. ஓட்ட போட்டவருக்கு அத அடைக்க என்ன கேடு?"

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். பழைய தகட்டை வெட்டிய அன்றே என் கோணல் வெட்டைப் பார்த்திருக்கிறீர்கள். பிடுங்கி எறிந்திருக்கலாம். "ஏட்டி, இது உனக்க வேலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீங்கள் முறைப்படி ஓட்டை போட்டு, எனக்காக அதை அடைத்து, அடுத்த மழைக்குப் பிறகு போய்ப் படுத்து வெல்டிங் செய்து, பழியைக் கடற்காற்றின்மேல் போட்டிருக்கிறீர்கள். ஏன்? என் சேலைக்காகவா? என் வாய்க்குப் பயந்தா? வருடத்துக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் நிம்மதியாகப் படுத்திருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன், எல்லாமே உங்களுக்குப் பொருந்துகிறது. உங்கள்மேல் கோபம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வருகிறது. பிறகு அழுகிறேன். மகள் போன் செய்தால் ஜலதோஷம் என்கிறேன்.

இன்று காலை பட்டறைக்குப் போனபோது ஜெபசிங் ஒரு லாரிக்காரரிடம் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஓட்ட போட்டு ஓட்ட அடைச்ச மனுசன்" என்று உங்களுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. லாரிக்காரர் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

"மக்கா, நான் அண்ணைக்குக் கள்ளஞ் சொன்னேன்" என்றேன். "மொதல்ல அடைச்சது நானாக்கும். அவரு இல்ல. அவருக்க வேலையில ஒரு குத்தமும் இல்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். லாரிக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அவருக்குத் தெரியுமா, அக்கா?" என்றார் ஜெபசிங்.

"தெரியும்."

"பின்ன ஏன் உங்களட்ட சொல்லல்ல?"

"தெரியாது மக்கா."

"முப்பத்தோரு வருசம் கூட இருந்திய. உங்களுக்கே தெரியாதா?"

வாயைத் திறந்தேன். உங்களைப் பற்றி யார் என்ன கேட்டாலும் சட்டென்று பதில் சொல்கிறவள் நான். இந்த மனுசனை எனக்குத் தெரியாதா என்று எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஜெபசிங் ஸ்டூலை இழுத்துப் போட்டு, இருங்கக்கா என்றார்.

நீங்கள் உயிரோடு இருந்து இது தெரியவந்திருந்தால், ஏன் என்று நான் கேட்டிருக்க மாட்டேன். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று ஒரு வாரம் சண்டைதான் பிடித்திருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது உண்மையாகவே கேட்கிறேன், சண்டைக்கு அல்ல. பதில் சொல்லத்தான் நீங்கள் இல்லை.