உனக்குச் சோறு, எனக்கு லேகியம்

என் மகள் ஒரு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் பசிக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். முழுக்க இயற்கை மூலிகைகள் என்று அட்டையில் பச்சை எழுத்தில் போட்டிருந்தது. இன்று காலை அதன் மூடியைத் திருகியதும் நீ வந்து நின்றாய். திப்பிலி, சுக்கு, ஓமம், அடியில் கொஞ்சம் பழைய வெல்லம். உனக்குப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த வருஷமெல்லாம் உன் பின்னலிலிருந்து வந்த வாசனை அது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு உன்னை நினைத்தால் முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான், பிறகுதான் மற்றதெல்லாம். மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக நினைத்துவிடாதே. படித்தால் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக்கடை. எங்கள் வீடு வலியசாலை அக்ரகாரத்தில். எனக்குப் பசிக்காது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலை. அப்பாவின் உத்தியோகமும் மழைக்கு ஒழுகும் ஓடும் அதற்குப் பின்னால்தான். ஒரே பெண், அதுவும் ஒட்டடைக்குச்சி. லேகியத்துக்கு வேண்டிய சாமான்களை அம்மா உன் அப்பாவிடம் சொல்லி அனுப்புவாள். சனிக்கிழமை காலை நீ பொட்டலத்தோடு வந்து நிற்பாய்.

மற்ற வீடுகளில் தீபாவளிக்குத்தான் லேகியம். எங்கள் வீட்டில் மாதா மாதம் தீபாவளி. அம்மா உருளியை அடுப்பில் ஏற்றி வியர்க்க விறுவிறுக்கக் கிண்டுவாள். நல்ல லேகியம் உருளியில் ஒட்டக் கூடாது என்பாள். எனக்குக் காரம் ஆகாது என்று வெல்லத்தை இரட்டிப்பாகப் போடுவாள், நெய்யையும் தேனையும் தாராளமாக ஊற்றுவாள். காலையில் எழுந்ததும் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டை. அது இறங்குவதற்குள் மால்ட் மாவு கலந்த பால். இடையில் நெய்யில் வதக்கிய ஏத்தம்பழம். சாப்பாட்டுக்கு முன்னால், பசி எடுப்பதற்காக, மறுபடி ஓர் உருண்டை. அத்தனையும் உள்ளே போன பிறகு இலைக்கு முன்னால் நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குழந்தை க்ஷீணிச்சுப் போயிட்டாளே என்று அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

முதல் தடவை நீ பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியபோது அடுப்பில் மோர்க்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இது என்ன வாசனை மாமி என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். அம்மா உன்னைக் கொல்லைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து இலை போட்டாள். அக்ரகாரத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு அன்றெல்லாம் அங்கேதான் இலை. நீ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. சோற்றில் குழி பறித்துக் குழம்பை வாங்கிக்கொண்டு, அது ஓடுவதற்குள் அணை கட்டி, சேனை எரிசேரியைத் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சாப்பிட்டாய். இரண்டாவது தடவை நீ கேட்டு வாங்கினாய். மூன்றாவது தடவை அம்மாவே போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை. என் இலைக்கு எதிரே அவள் உட்காரும்போது அது ஜுரம் தொட்டுப் பார்க்கிறவளின் முகமாகத்தான் இருக்கும்.

அப்புறம் சனிக்கிழமைச் சமையலே உனக்கென்று ஆகிப்போனது. சேனை வாங்கினால் நீ வரும்வரை அதை நறுக்க மாட்டாள். என் லேகியத்தில்கூட உனக்கு ஓர் உருண்டை தந்தாள். நீ அதை வாயில் போட்டு, இது மருந்தா மாமி, பலகாரமாக்கும் என்றாய். அம்மா சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. ஒரு கர்க்கடக மாத மழையில் தாழ்வாரத்தில் சாரல் அடித்தது. அம்மா உன் இலையை அப்படியே தூக்கி உள்ளே அடுக்களையில் போட்டாள். கூடத்திலிருந்து அப்பா கனைத்தார். இன்னும் கொஞ்சம் நெய் விடட்டுமா என்று அவருக்குக் கேட்கும்படியாக அம்மா உன்னைக் கேட்டாள். மழை விட்ட பிறகும் உன் இலை தாழ்வாரத்துக்குத் திரும்பவில்லை. ஊரே மெச்ச வேண்டிய காரியம்தான். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று நீ வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் சொன்னாள்: "அவ சாப்பிடறதப் பாத்தாலே எனக்கு வயறு நெறஞ்சுடறது."

சுவரோரமாக நின்று கேட்டேன். என் வயிற்றில் லேகியம் கல்லாக உட்கார்ந்திருந்தது. அம்மா என்னைப் பார்த்து ஒரு நாள் அப்படிச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக நீ சாப்பிடுகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தேன். கண்ணில் ஏதாவது விழுந்துவிட்டதா என்று அம்மா ஊதிவிட்டாள்.

பத்தாம் வகுப்பில் இருந்தபோது திருநெல்வேலியில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு அம்மா போனாள். பரீட்சை என்று என்னை அப்பாவிடம் விட்டுப் போனாள். அப்பாவுக்கு லேகியம் வைக்கும் பரணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வகுப்பில் வயிற்றுக்குள் யாரோ பிடித்துக் கிள்ளுவதுபோல் இருந்தது. பெரிய வியாதி ஏதோ வந்துவிட்டதென்று பயந்து உன்னிடம் சொன்னேன். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று நிதானமாகக் கேட்டாய்.

"ஏட்டி, அது பசியாக்கும்" என்றாய்.

பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் பின்னால் இருந்த உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். உங்களுடையதும் சைவ வீடுதான் என்பதால் எனக்குத் தைரியம். வேகவைத்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய் வைத்து அரைத்த சம்மந்தியும் இருந்தன. கண்ணில் நீர் கொட்டக் கொட்டத் தின்றேன். உன் தங்கைகள் வேடிக்கை பார்த்தார்கள். உன் அம்மா அடுப்பை விட்டுத் திரும்பவேயில்லை, ஆறு பெண்களைப் பெற்றவளுக்கு ஏழாவது தட்டு கண்ணில் படவில்லை. நீ மட்டும் உன் பங்கையும் என் பக்கம் தள்ளிவிட்டாய். உனக்குக் கொஞ்சம்கூடப் பொறாமை வராததைப் பார்த்து அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

அம்மா ஊரிலிருந்து வந்ததும் லேகியம் வேண்டாம், தானாகவே பசிக்கிறது என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது. எங்கே சாப்பிட்டேன் என்று விசாரித்தாள். கிழங்கு ருசியாக இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டாள். மறுநாள் உருளியை ஏற்றி, வழக்கத்தைவிட நெய்யை அதிகம் விட்டுக் கிண்டினாள். எனக்குப் பசி வந்துவிட்டால் தனக்கு வேலை போய்விடும் என்று பயந்தாளோ என்னவோ. நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் எனக்கென்று அவள் செய்தது அது ஒன்றுதான், அதையும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

கல்யாணம் ஆகி லேகியம் நின்றதும் எல்லாரையும்போல எனக்கும் பசித்தது, உடம்பும் தேறியது. ஆனால் அதைப் பார்க்க அம்மாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. விருந்துக்கு வரும் நாளிலும் எனக்குக் கொஞ்சமாகத்தான் போடுவாள். இவளுக்கு எறங்காது என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகவே சொல்வாள்.

அம்மா கடைசியாகப் படுத்த மாதங்களில் சோற்றை வெறுத்தாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ரசம் சாதம் குழையப் பிசைந்து வாயருகே கொண்டுபோவேன். உதட்டை மூடிக்கொள்வாள். பழரசம், சத்துமாவுக் கஞ்சி, டாக்டர் தந்த புரதப் பொடி, எல்லாம் அப்படியே திரும்பும். நீ ஒரு மத்தியானம், அப்போது நீயே நடத்திவந்த மருந்துக்கடையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாய். அம்மாவுக்கு ஊட்டவில்லை, கெஞ்சவுமில்லை. பசிக்கிறது மாமி என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் ரசம் சாதத்தை நீயே தின்றாய். அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, எனக்கும் ஒரு வாய் என்று கையை நீட்டினாள். அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் அவ வரலையா என்று கேட்பாள். பெற்ற பெண் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். அவள் கண்ணோ வாசலில்.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் கேட்டேவிட்டேன். என் அம்மாவை நீ எடுத்துக்கொண்டுவிட்டாயே என்று கேட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

"எங்க வீட்ல ஒருத்தி சாப்பிடல்லன்னா மத்தவளுக்கு ஒரு பங்கு கூடுதல், அவ்வளவுதான். கடை நெறைய மருந்து இருந்து. எனக்குன்னு ஒருத்தரும் ஒரு உருண்டை கிண்டித் தந்ததில்ல. ஒன் லேகியத்தப் பாத்து எனக்கு எம்புட்டு அசூயை தெரியுமாட்டி?"

உள்ளுக்குள் எதுவோ இளகியது, உண்மைதான். அதே நேரத்தில் இன்னொன்றும் தோன்றியது. இத்தனை வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்ததை நீ கை கழுவுகிற நேரத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாய். பொறாமைப்படுவதில்கூட நீ என்னைவிட ஆரோக்கியமாக இருந்தாய்.

உனக்கே சாப்பாடு இறங்காமல் போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு அது. அந்த வயிற்றில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. கட்டிலுக்கு அடியில் ஊரிலுள்ள ஊட்டச்சத்து டப்பாக்கள் அத்தனையும் இருந்தன. அம்மாவின் உருளியை இறக்கி வாழ்க்கையில் முதல் தடவையாக லேகியம் கிண்டினேன். பாகு முற்றி அடிப்பிடித்தது. கோபத்தோடு சுரண்டிப் பரணியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். நீ விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாய். அதற்கு மேல் முடியவில்லை. நல்லா இருக்கு என்று பொய் சொல்லாமல், ஒட்டிப் பிடிச்சிட்டில்லா என்றாய். பரணியை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாய், உன் மகள் எடுத்து வைக்கப்போனபோதும் விடவில்லை.

பிறகு அவளிடம் எனக்குச் சோறு போடச் சொன்னாய். வேண்டாம் என்றேன்.

"நீ சாப்பிடு, நான் பாக்கேன்" என்றாய்.

உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகப் பசித்திருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன். நிமிர்ந்தபோது உன் முகம் மலர்ந்திருந்தது. அடுக்களையில் உனக்கு எதிரே உட்கார்ந்த அம்மாவின் முகம் அதுவேதான். எனக்கு வேண்டியிருந்தது கடைசியில் கிடைத்துவிட்டது, ஆனால் அதையும் உன்னிடமிருந்தே வாங்க வேண்டியிருந்தது. இலையை வழித்துத் தின்றேன்.

நீ போன அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். அன்றும் பசித்தது. துக்கத்தில் சோறு இறங்காது என்று எழுதுகிறார்கள், எனக்கு இறங்கியது. இப்போதெல்லாம் வேளை தவறாமல் பசிக்கிறது. உட்கார்ந்து நிறையச் சாப்பிடுகிறேன். எதிரே உட்கார்ந்து முகம் மலர்ந்து பார்க்கத்தான் யாரும் இல்லை.

பந்திக்கு முந்திக்கொள்வது உன் பிறவிக்குணம். இதிலும் முந்திக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டாய். அங்கே அவள் சேனையை நறுக்கி வைத்துக் காத்திருந்திருப்பாள். உனக்கு இலை போட்டு, மணையை இழுத்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நினைத்தாலே எரிகிறது. சாப்பிடு, நன்றாகச் சாப்பிடு. இடையில் அவள் என்னைப் பற்றிக் கேட்டால், கேட்காமலிருந்தாலும், எனக்கு இங்கே நன்றாகப் பசிக்கிறது என்று சொல். நீ சொன்னால்தான் அவள் நம்புவாள்.